‘பெட் ஸ்கேன் கிளியர்’ என்றால் ஈரலும் கிளியரா?

போன மாதம் இந்தப் பகுதியில் பெட் ஸ்கேன் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஈரலைப் பற்றியவை. முப்பது வருஷமாக ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதே என் வேலை. ஆகவே இந்த மாதம் முழுப் பக்கமும் ஈரலுக்குத்தான். சளி, முழங்கால் வலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இருபது வருஷமாகச் சீனி வருத்தம். குடிப்பழக்கம் இல்லை. ஈரலில் கொழுப்புப் படிந்து அது முற்றி, ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் ஆகிவிட்டது என்று இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னார்கள். போன மாதம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 2.5 சென்ரிமீற்றரில் ஒரு கட்டி தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணா காசு அனுப்பினார், நேராகப் பெட் ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் எதுவும் ஒளிரவில்லை என்று ரிப்போர்ட். அம்மா நேர்த்திக்கடன் செய்யத் தயாராகிவிட்டார். நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, அம்மா கோயிலுக்குப் போகட்டும். நீங்கள் இந்தக் கிழமையே அப்பாவை ஈரல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கட்டி என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பெட் ஸ்கேனுக்குக் கையில் ஏற்றுவது கதிரியக்கமுள்ள ஒரு வகைச் சீனி. எஃப்.டி.ஜி. என்பார்கள். பார்வைக்குக் குளுக்கோஸ் மாதிரியே இருக்கும், ஒரு மூலையில் மட்டும் புளோரின்-18 ஒட்டியிருக்கும். பசியுள்ள கலம் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் ஒரு நொதியம் அதன்மேல் பொஸ்பேற் என்ற முத்திரையைக் குத்திவிடும். முத்திரை விழுந்த பிறகு அதனால் வெளியே வரவும் முடியாது, எரிந்து தீரவும் முடியாது. கலத்துக்குள்ளேயே தேங்கி நிற்கும். தேங்கிய இடத்திலிருந்து புறப்படும் கதிர்களைத்தான் இயந்திரம் படமாக்குகிறது. நுரையீரல் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் எல்லாம் படத்தில் தணல் மாதிரித் தெரிவது இதனால்தான்.

ஈரலின் குணம் வேறு. நாங்கள் பட்டினி கிடக்கும் நேரத்தில் உடம்புக்குச் சீனியை எடுத்துக் கொடுப்பது ஈரலின் தொழில். அதனால் அந்த முத்திரையைக் கழற்றும் நொதியமும் ஈரல் கலத்துக்குள் தாராளமாக இருக்கிறது. குளுக்கோஸ்-6-பொஸ்பற்றேஸ் என்று பெயர். உள்ளே வந்த எஃப்.டி.ஜி. முத்திரை கழன்று, வந்த வழியே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். ஈரல் கலத்திலிருந்தே பிறக்கும் புற்றுநோயை எச்.சி.சி. என்கிறோம். அது அதிகம் உருக்குலையாத நிலையில் இருந்தால் தாய்க் கலத்தின் இந்தப் பழக்கத்தையும் கூடவே வைத்திருக்கும். படத்தில் சுற்றியுள்ள ஈரலும் சாம்பல் நிறம், கட்டியும் அதே சாம்பல் நிறம். பத்து எச்.சி.சி. கட்டிகளில் நாலைந்து இப்படி எஃப்.டி.ஜி.யின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தும் தவறினேன். எங்கள் சித்தப்பா செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். உங்கள் அப்பா மாதிரியே சீனி, கொழுப்பு ஈரல், மதுவின் வாடையே கிடையாது. மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போன இடத்தில் ஈரலில் சின்னக் கட்டி ஒன்று தெரிய, அங்கேயே பெட் ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். படங்களை எனக்கு அனுப்பினார்கள். இரவு பத்தரை மணி, சமையலறை மேசையில் கணினியைத் திறந்து பார்த்தேன். சித்தப்பாவின் உருவம் கறுப்பு வெள்ளையில் மெதுவாகச் சுழன்றது. இந்த வகைப் படத்தில் எஃப்.டி.ஜி. தேங்கி ஒளிரும் இடம் கறுப்பாகத் தெரியும். மூளை கரிக்கட்டியாக இருண்டிருந்தது, இருதயம் ஒரு வளையம், சிறுநீர்ப்பை ஒரு கரும்புள்ளி. இந்த மூன்றும் நோயில்லாமலே அப்படித் தெரியக்கூடியவை. ஈரல் தேய்த்து மடித்த துணி மாதிரி ஒரே சாம்பல். உடனே போன் எடுத்து, “சித்தப்பா, கிளியர்” என்றேன்.

அந்தச் சொல்லை முதலில் சொன்னது நான்தான். ரிப்போர்ட் எழுதியவர் சொல்லவில்லை. அவர் கீழே ஒரு வரியில், கொன்ட்ராஸ்ட் ஏற்றி மூன்று கட்டச் சி.ரி. எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். பத்தரை மணிச் சந்தோஷத்தில் அந்த வரியை நான் தாண்டிப் போய்விட்டேன். சித்தப்பா கொழும்புக்குத் திரும்பி வந்து பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். நாலு மாதம் கழித்து, இரத்தத்தில் ஈரல் புற்றுநோய் காட்டும் ஏ.எஃப்.பி. அளவு பத்து மடங்கு ஏறியிருந்தது. அந்தச் சி.ரி.யை அப்போதுதான் எடுத்தோம். மூன்று சென்ரிமீற்றருக்கு உள்ளே இருந்த கட்டி நாலைத் தாண்டியிருந்தது. ஊசி விட்டுச் சுட்டு அழித்திருக்கலாம் என்ற கட்டம் கடந்துபோயிற்று. பிறகு இரண்டரை வருஷம் இருந்தார், நல்ல வைத்தியம் கிடைத்தது. ஆனாலும் அந்த நாலு மாதம் என் கணக்கில் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

இனி அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஈரலுக்கு இரண்டு வழியால் இரத்தம் வருகிறது. முக்கால்வாசி குடலிலிருந்து வரும் ஈரல்வாயில் நாளம் வழியாக, மிச்சம் ஈரல் நாடி வழியாக. எச்.சி.சி. கட்டி பெரும்பாலும் நாடியை நம்பியே வாழும். ஆகவே கையில் கொன்ட்ராஸ்ட் மருந்தை வேகமாக ஏற்றி, முப்பத்தைந்து செக்கன் அளவில் முதல் படம் எடுத்தால் கட்டி மட்டும் வெளிச்சமாகத் தெரியும், ஈரல் இன்னும் விழித்திருக்காது. எழுபது செக்கனில் ஈரல் முழுக்க வெளிக்கும். மூன்று நிமிஷத்துக்குப் பிறகு பார்த்தால் கட்டியிலிருந்து மருந்து வடிந்து, சுற்றியுள்ள ஈரலைவிட இருண்டு நிற்கும். சிரோசிஸ் உள்ளவரின் ஈரலில், ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி இப்படி முதலில் மின்னிப் பிறகு இருண்டால், பெரும்பாலும் ஊசி குத்தாமலே எச்.சி.சி. என்று முடிவு செய்யலாம். எம்.ஆர்.ஐ.யிலும் இதே கணக்குத்தான். அப்பாவுக்குச் சீனி இருப்பதால் கொன்ட்ராஸ்ட்டுக்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் பரிசோதனையை மறக்க வேண்டாம். ஏ.எஃப்.பி.யும் பாருங்கள், ஆனால் அது சாதாரணமாக இருந்தாலும் சி.ரி.யைத் தவிர்க்கக் கூடாது.

பெட் ஸ்கேனுக்குக் கொடுத்த காசு வீண் என்று அண்ணாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். ஒருவேளை இது எச்.சி.சி.யாக இருந்தால், ஒளிராத கட்டி பொதுவாக ஒளிரும் கட்டியைவிட மெதுவாக நடக்கும் வகை. ஈரல் மாற்று சிகிச்சை பற்றி யோசிக்கும் குழுவுக்கு இது பயனுள்ள தகவல். எலும்பிலோ நுரையீரலிலோ பரவல் இருக்கிறதா என்ற கேள்விக்கும் அந்தப் படம் ஓரளவு உதவும். ஈரல் கட்டிக்கென்றே கார்பன்-11 சேர்ந்த அசற்றேற், கோலின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. கார்பன்-11 இருபது நிமிஷத்தில் பாதியாகிவிடும், அதனால் அதைச் செய்யும் சைக்ளோட்ரன் அதே கட்டடத்தில் இருந்தால்தான் சரிவரும்.

மகரகம ஆஸ்பத்திரிக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் நாங்கள் எல்லாரும் காசு சேர்த்தோமே, ஞாபகம் இருக்கும். மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் தொடங்கிய முயற்சி அது. எங்கள் ஒழுங்கைக் கடையிலும் உண்டியல் வைத்திருந்தார்கள், நானும் போட்டேன். அப்படி ஊரே சேர்ந்து ஆசைப்பட்டதால், எதையும் காட்டிக்கொடுக்கும் கருவி என்ற நம்பிக்கை எங்கள் சனங்களிடம் ஊறிவிட்டது. நல்ல கருவிதான், மிக நல்ல கருவி. ஆனால் எந்தக் கேள்வியோடு அதனிடம் போகிறோம் என்பதை டொக்டரிடம் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: அடுத்த செவ்வாய் எனக்குப் பெட் ஸ்கேன். சீனிக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறேன். முதல் நாள் என்ன சாப்பிடலாம்? வீட்டில் ஆறு மாதப் பேரப்பிள்ளை இருக்கிறாள், என்னிடமிருந்து கதிர் அவளுக்குப் போகாதா?
(வாசகர், மருதானை)

பதில்: முதல் நாள் சோற்றையும் பாணையும் குறைத்து மீன், முட்டை, மரக்கறி என்று சாப்பிடுங்கள். ஓடுவது, பாரம் தூக்குவது வேண்டாம். வேலை செய்த தசை சீனியை இழுத்துப் படத்தைக் குழப்பும். ஸ்கேனுக்கு முன் ஆறு மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டும், அது நிறையக் குடிக்கலாம். பிளேன் டீயிலும் சீனி கூடாது. இரத்தத்தில் சீனி 200ஐத் தாண்டினால் பெரும்பாலும் நாளை மாற்றுவார்கள். மெட்ஃபோர்மின் குடலை ஒளிர வைக்கும், அதனால் சில இடங்களில் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், நாள் குறிக்கும்போதே கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குச் சற்று முன் போட்ட இன்சுலின், மருந்து முழுவதையும் தசைக்குள் தள்ளிவிடும்.

மருந்து ஏற்றிய பிறகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அரையிருட்டு அறையில் சும்மா சாய்ந்திருக்க வைப்பார்கள். அங்கேதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று தொடங்கிவிடுவோம். அந்த ஒரு மணி நேரம் கதைக்க வேண்டாம், சுவிங்கம் மெல்ல வேண்டாம், போனில் தட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு தடவை ஓர் அம்மாவின் படத்தில் தாடைத் தசையும் நாக்கும் குரல்வளையும் பளிச்சென்று இருந்தன. தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் பயந்துவிட்டோம். விசாரித்தால், அடுத்த கட்டிலில் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதி. குளிர் தாங்காதவர்கள் ஒரு சால்வை கொண்டு போங்கள். குளிரில் கழுத்துக் கொழுப்பு ஒளிரும், அதுவும் நிணநீர்க்கணு மாதிரி ஏமாற்றும்.

நாள் தள்ளிப்போனால் கோபிக்காதீர்கள். புளோரின்-18 நூற்றுப்பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட மருந்தில் ஒன்பது நாற்பதுக்குக் கால்வாசிதான் மிச்சம். தூரத்திலிருந்து விமானத்தில் வர வேண்டிய மருந்தென்றால், விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தினாலே கடைசி ஆளுக்குப் போதாமல் போய்விடும். 1976 ஓகஸ்டில் முதல் தடவையாக மனிதருக்கு எஃப்.டி.ஜி. ஏற்றியபோதும் இதே அவசரம்தான். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் செய்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

பேத்தி விஷயம்: காலை பத்து மணிக்கு ஏற்றினால், அடுத்த நாள் விடியற்காலை நாலரை மணிக்குள் உடம்பில் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறுநீரோடு போவது வேறு. அன்றைக்கு இரவு வரை அவளை மடியில் வைத்திருக்காதீர்கள், அடுத்த நாள் காலையில் ஆசை தீரத் தூக்குங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தாலும் அப்படியே. உங்களுக்குக் கிடைக்கும் கதிர் அந்த ஊசியால் ஏறக்குறைய 7 மில்லிசீவேர்ட், கூட எடுக்கும் சி.ரி. தனி. மண், வானம், சாப்பாடு என்று ஒரு மனிதன் சும்மா இருந்து ஒரு வருஷத்தில் வாங்குவது உலகச் சராசரியில் 2.4. வைத்தியத்தின் திசையை மாற்றப் போகும் ஸ்கேனுக்கு இது பயப்பட வேண்டிய அளவு இல்லை.

கேள்வி: என் மனைவியின் தம்பிக்கு 24 வயது. கிரிக்கெட் விளையாடுகிற திடமான பையன், ஒரு வருத்தமும் இருந்ததில்லை. வயிற்றில் பாரமாக இருக்கிறது என்றான். ஸ்கேனில் ஈரலில் ஒன்பது சென்ரிமீற்றர் கட்டி. ஹெப்பற்றைற்றிஸ் இல்லை, ஏ.எஃப்.பி.யும் சாதாரணம். பயொப்சியில் ‘ஃபைப்ரோலமெல்லர்’ என்று வந்திருக்கிறது. சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டொக்டர். இது அரிய வகை என்றால் பெட் ஸ்கேனில் தெரியுமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, உங்கள் மச்சானைப் பற்றி வாசித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். இந்த வயதில் யாருக்கும் இது வரக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே மூன்று நல்ல விஷயங்கள் இருக்கின்றன: கட்டியின் பெயர் பயொப்சியில் தெரிந்துவிட்டது, மிச்ச ஈரல் ஆரோக்கியமாக இருக்கிறது, டொக்டர் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுகிறார்.

ஃபைப்ரோலமெல்லர் கார்சினோமாவை முதலில் விவரித்தது 1956இல். ஈரல் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும். குடியாலும் வருவதில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியாலும் வருவதில்லை. பதின்ம வயதிலும் இருபதுகளிலும், சுகதேகியான ஈரலில் வருகிறது. ஏ.எஃப்.பி. ஏறாததால் இரத்தப் பரிசோதனையில் ஒளிந்திருக்கும். 2014இல் நியூயோர்க்கில் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு இதன் மூலத்தைக் கண்டுபிடித்தது. 19ஆவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு கழன்று விழ, தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. பன்னிரண்டு வயதில் இதே நோய் வந்து, சத்திரசிகிச்சையால் பிழைத்த ஒரு மாணவியும் அந்தக் குழுவில் இருந்தாள். மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள். ‘அவனுக்கு ஏதாவது கெட்ட பழக்கமா’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெட் ஸ்கேனில் தெரியுமா என்றால், ஆளுக்காள் மாறும். சிலருக்கு நன்றாக ஒளிரும், சிலருக்கு மங்கல். கட்டியின் உருவத்தைச் சொல்வதில் சி.ரி.யும் எம்.ஆர்.ஐ.யும்தான் கெட்டிக்காரர்கள். நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு தழும்பு, அதில் சுண்ணாம்புப் புள்ளிகள். எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தழும்பு இருண்டிருக்கும். புற்றுநோயே இல்லாத, எஃப்.என்.எச். என்ற அப்பாவிக் கட்டிக்கும் நடுவில் தழும்பு உண்டு, அது பெரும்பாலும் வெளிச்சமாகத் தெரியும். எங்கள் துறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் திரும்பத் திரும்பக் காட்டும் படம் இது.

பெட் ஸ்கேன் இங்கே பரவலைத் தேடத்தான். இந்தக் கட்டி நிணநீர்க்கணுக்களுக்குப் போகும் பழக்கமுள்ளது. சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியோடு அந்தக் கணுக்களையும் எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று முன்னாலேயே அவருக்குத் தெரிய வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஈரலில் இருக்கும் அந்த ஒன்பது சென்ரிமீற்றர் கட்டியே ஒளிர்ந்ததா? ஒளிர்ந்தால், வேறு எங்கும் ஒளி இல்லை என்ற வரியை ஓரளவு நம்பலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் கண்காணிக்கவும் அதே ஸ்கேன் கைகொடுக்கும். தாய்க் கட்டியே ஒளிரவில்லை என்றால் அதன் பிள்ளைகளும் ஒளிராமல் போகலாம். அப்போது பெட் படம் வெறுமையாக இருப்பதில் ஆறுதல் தேடாமல், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நல்ல சி.ரி., எம்.ஆர்.ஐ. என்று போக வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. எங்கேயாவது ஒரு கணு ஒளிர்ந்தால் உடனே பரவிவிட்டது என்று வீட்டில் அழத் தொடங்காதீர்கள். சயரோகமும் ஒளிரும், அண்மையில் வந்த கிருமித்தொற்றும் ஒளிரும். சந்தேகமான கணுவில் ஊசி குத்திப் பார்த்த பிறகுதான் முடிவு.

இன்னொன்று, இது ஸ்கேன் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. இந்த நோயில், ஈரல் நன்றாக இருக்கும்போதே இரத்தத்தில் அமோனியா ஏறலாம். பையன் காரணமில்லாமல் தூங்கி வழிந்தாலோ, பேச்சில் தடுமாறினாலோ, முன்பின் முரணாக நடந்தாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அமோனியா பாருங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

பெரிய ஈரல் சத்திரசிகிச்சைகள் ராகமையிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் நடக்கின்றன. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று சொந்தக்காரர் சொன்னால், முதலில் இங்கேயுள்ள ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் படங்களைக் காட்டுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் ஈரலில் நிறையக் கட்டிகள். ‘ஈரல் கேன்சர்’ என்றார்கள். பயொப்சிக்குப் பிறகு ‘நியூரோஎண்டோகிரைன்’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு பெட் ஸ்கேன் எடுத்தாயிற்று, அதில் மங்கலாகத்தான் தெரிந்ததாம். இப்போது ‘டோட்டாடேட்’ என்று இன்னொரு பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே ஸ்கேனை ஏன் இரண்டு தடவை?
(வாசகி, தெஹிவளை)

பதில்: நியூரோஎண்டோகிரைன் என்றால் ஓமோன் சுரக்கும் வகைக் கலங்களில் பிறக்கும் கட்டி. இயந்திரம் ஒன்றுதான், ஏற்றும் மருந்து வேறு. முதலாவது சீனி. அம்மாவின் கட்டி மெதுவாக வளரும் வகையாக இருந்தால் அதற்குச் சீனிப் பசி குறைவு, அதனால்தான் மங்கல். ஆனால் இந்தக் கலங்களின் மேற்பரப்பில் சோமற்றொஸ்ரற்றின் என்ற ஓமோனுக்கான பூட்டுகள் நிறைந்திருக்கும். டோட்டாடேட் அந்தப் பூட்டுக்கான சாவி. அதில் காலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி ஏற்றுகிறார்கள். சாவி எந்தெந்தப் பூட்டில் போய் மாட்டுகிறதோ அதெல்லாம் படத்தில் தெரியும்.

ஈரலிலேயே பிறக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி மிகமிக அரிது. பெரும்பாலும் சிறுகுடலிலோ சதையியிலோ ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத கட்டி ஒன்று ஒளிந்திருந்து ஈரலுக்கு ஆள் அனுப்பியிருக்கும். அதைத் தேடத்தான் இந்த இரண்டாவது ஸ்கேன். கட்டிகள் நன்றாகச் சாவியை ஏற்றால் இன்னொரு கதவும் திறக்கிறது. காலியத்துக்குப் பதிலாக லுட்டீசியம்-177ஐ அதே சாவியில் கட்டி அனுப்பினால் அது கட்டியைச் சுட்டு அழிக்கும். அமெரிக்காவில் 2018இலிருந்து அனுமதி பெற்ற சிகிச்சை. மண்ணீரலும் சிறுநீரகமும் இந்தப் படத்தில் இயல்பாகவே எரியும், ரிப்போர்ட்டில் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அம்மா மாதத்துக்கு ஒரு ஒக்ட்ரியோரைட் ஊசி போடுகிறார் என்றால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் ஸ்கேன் நாள் விழும்படி கேட்டுப் பாருங்கள். அந்த ஊசியும் அதே பூட்டைத்தான் அடைக்கிறது.

ஈரல் கேன்சர் என்று கேட்டபோது வந்த பயத்தை அப்படியே இந்தப் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். மெதுவான வகையென்றால் இதோடு பல வருஷம் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளரும் வகை என்பதைக் காட்ட, பயொப்சி ரிப்போர்ட்டில் ‘கிரேட்’ எத்தனை, ‘கி-67’ எத்தனை சதவீதம் என்று இருக்கும். அடுத்த கிளினிக்கில் அந்த இரண்டு எண்களையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமாவுக்குப் பித்தக் குழாயில் கேன்சர் என்று சந்தேகம். மஞ்சள் கூடியதால், அடைப்பைத் திறந்து வைக்க ஸ்ரென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தார்கள். அடுத்த கிழமை பெட் ஸ்கேன். சரிதானே?
(வாசகர், வத்தளை)

பதில்: ஸ்ரென்ட் வைத்த இடமும், அதனால் வரும் அழற்சியும் எஃப்.டி.ஜி.யில் ஒளிரும். புற்றுநோயா புண்ணா என்று பிரிப்பது எங்களுக்கே சிரமம். காய்ச்சல், குளிர் இருந்தால் அதை முதலில் ஆற்றுங்கள். ஸ்ரென்ட் எந்தத் திகதியில் வைத்தார்கள் என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், அந்த ஒரு வரி இல்லாமல் வந்த படங்களோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பித்தக் குழாய்ப் புற்றுநோய் ஈரலுக்குள் கட்டியாகத் திரண்டிருந்தால் பெட்டில் நன்றாகத் தெரியும், தூரத்துக் கணுக்களையும் காட்டும். குழாய்ச் சுவரோடு படர்ந்து போகும் வகை நழுவிவிடும்.

கேள்வி: பழைய ஸ்கேன் இறுவட்டுகளை எறிந்துவிடலாமா? ரிப்போர்ட் இருக்கிறது.
(வாசகி, கல்கிசை)

பதில்: எறியாதீர்கள். ரிப்போர்ட் என்பது ஒருவர் அன்றைக்குப் பார்த்துச் சொன்னது, படம் இறுவட்டில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்திய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்ததா, அப்படியே கிடக்கிறதா என்று தெரியும். ஒவ்வொன்றின் மேலும் திகதியை எழுதி, ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு, ஸ்கேனுக்குப் போகும் நாள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.